கவிதையில் வரும் இரண்டு ரயில்கள் யார்?

உங்கள் மகள் பரீட்சைக்குப் படிக்கும் கவிதையில் வரும் இரண்டு ரயில்கள் யாரைக் குறிக்கின்றன, கடல் சாவைக் குறிக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டு ரயில்களும் பேச நினைத்துப் பேசாமலே பிரிந்த இரண்டு பேர். உங்கள் மகள் கேட்டதுபோல் கடல் சாவைக் குறிக்கவில்லை.

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் எதிரெதிரே வந்து, கூவிவிட்டு நிற்காமல் போகின்றன என்றுதானே பாட்டு முடிகிறது? அங்கே இரட்டைத் தண்டவாளம். கை நீட்டினால் தொடலாம் போன்ற நெருக்கம், ஆனாலும் ஒன்று மற்றதன் பாதைக்கு வர முடியாது. இருவர் மீதும் பிழையில்லாத பிரிவு அது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் தேடியதால் மகள் குழம்பியிருக்கலாம். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. கடலைக் கவிஞர் கண்டபடியே எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

'ரயில்' வரும் இடமெல்லாம் 'தோழி' என்று மாற்றி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் நிற்கும். 'கடல்' இருக்கும் இடத்தில் 'சாவு' என்று வைத்தால் வரியே குலைந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த இருவர் யார் என்று பாட்டு சொல்லவில்லை. மகள் அக்கா தங்கை என்றோ அயல்வீட்டுப் பிள்ளைகள் என்றோ சொன்னால் திருத்தாதீர்கள். எந்த வரியைப் பார்த்து அப்படி நினைத்தாள் என்று மட்டும் கேளுங்கள். பரீட்சை விடையிலும் அந்த வரியை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.