ஊரகக் கவுண்டியில் வீட்டு வருமானத்தைக் கணிப்பது: கேள்வி பதில்

உதாரணத்துக்கு அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது). நிலக்கரிப் பகுதி. 1950 கணக்கெடுப்பில் 98,887 பேர், 2020-இல் 19,111 பேர். சின்ன இடத்தின் வருமானத்தை அளப்பதில் வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் இங்கே உண்டு.

கேள்வி: 1980 முதல் ஆண்டுக்கு ஒரு மீடியன் (வரிசையில் நடுவே நிற்கும் வீட்டின் வருமானம்) வேண்டும் அக்கா. எங்கே எடுப்பது?

பதில்: ஒரே இடத்தில் கிடைக்காது. 2000 வரை பத்தாண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டுக்குக் கூடுதல் கேள்விகள் கொண்ட நீளப் படிவம் போனது. அதில் கேட்டது முந்தைய ஆண்டின் வருமானம். ஆகவே 1980-இன் எண் 1979-க்கு உரியது, 2000-இன் எண் 1999-க்கு உரியது. வரைபடத்தில் இதை மாற்றிக் குறித்துவிடாதீர்கள். 2010-இல் நீளப் படிவமே இல்லை. அந்த வேலை அமெரிக்கச் சமூக ஆய்வுக்கு, அதாவது ஏசிஎஸ்-க்குப் போய்விட்டது. 65,000 பேருக்குக் குறைவான கவுண்டிக்கு அதில் வழக்கமான ஓராண்டு எண் வராது, ஐந்தாண்டுத் தொகுப்புதான். முதல் தொகுப்பு 2005–09.

ஆண்டு வரிசைதான் வேண்டும் என்றால் சென்சஸ் பீரோவின் சேய்பியை, அதாவது சிறு பகுதிகளுக்கான வருமான, வறுமைக் கணிப்பை எடுங்கள். ஆய்வு எண்ணோடு வருமான வரிப் படிவம் போன்ற அரசுப் பதிவுகளையும் சேர்த்து, புள்ளியியல் மாடல் வழியாக எல்லாக் கவுண்டிக்கும் கணிக்கிறார்கள். ஆனால் 2004-க்கும் 2005-க்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதுவரை அடிப்படையாக இருந்த சிபிஎஸ் என்ற வேறொரு வீட்டு ஆய்வு போய் ஏசிஎஸ் வந்த இடம் அது.

கேள்வி: 2014–18, 2015–19 இரண்டையும் ஒப்பிட்டேன். ஏறியிருக்கிறது. எழுதலாமா?

பதில்: வேண்டாம். நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2014 வெளியே போய் 2019 உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றோடொன்று மோதாத தொகுப்புகளை எடுங்கள்: 2005–09, 2010–14, 2015–19.

அப்புறம் பிழை வரம்பை, அதாவது உண்மை எண் எவ்வளவு மேலே கீழே இருக்கலாம் என்பதைப் பாருங்கள். 28,000 டாலர், கூட்டல் கழித்தல் 3,000 என்று ஒரு தொகுப்பும், 30,500, கூட்டல் கழித்தல் 2,500 என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3,905. வித்தியாசம் 2,500-தான், அதைவிடக் குறைவு. 90 சதவீத நம்பகத்தில் ஏறியது என்று சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு கவுண்டிகளைச் சேர்த்துப் பார்க்க, மீடியன்களின் சராசரி போதுமா?

பதில்: போதாது. ஏசிஎஸ்-இன் பி19001 அட்டவணையில் வருமான அடுக்கு வாரியாக வீடுகளின் எண்ணிக்கை இருக்கும். இரண்டு கவுண்டிக்கும் அதைக் கூட்டுங்கள். மொத்தம் 1,000 வீடு, 30,000-க்குக் கீழே 480, அடுத்த 5,000 டாலர் அடுக்கில் 80 என்றால், 500-வது வீடு அந்த அடுக்கில் கால்வாசி தூரத்தில் நிற்கிறது. மீடியன் சுமார் 31,250.



 

கேள்வி: மீடியனை விட்டுவிட்டு அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகமான பிஇஏ-இன் தனிநபர் வருமானத்தை எடுக்கலாமே? 1969 முதல் ஆண்டுதோறும் இருக்கிறது.

பதில்: அது சராசரி. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகிற பணமும் அதில் வருமானம்தான். வகுப்பது மொத்த மக்கள்தொகையால். மெக்டவலில் 2010-இல் ஒரு மத்தியச் சிறை திறந்தது. கைதிகளும் அந்த மக்கள்தொகையில் வருகிறார்கள், ஆனால் வீட்டு வருமானக் கணக்கில் வருவதில்லை.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் மீடியன் மட்டும் உண்மை சொல்கிறதா? உணவு உதவியை விட்டுவிடுகிறதே!

பதில்: விடுகிறது, இந்த வாதம் நியாயமானது. 1961-இல் ஏழைகள் உணவு வாங்க அரசு உதவும் உணவு முத்திரைத் திட்டம் மறுபடி சோதனையாகத் தொடங்கியபோது முதலில் வாங்கியது மெக்டவல் குடும்பம்தான். அந்த உதவி ஏசிஎஸ் வருமானத்தில் ஒரு டாலர்கூடச் சேராது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. சுரங்கம் மூடினால் வேலை தேடக்கூடியவர்கள் கிளம்பிவிடுகிறார்கள், ஓய்வூதியத்திலும், சுரங்கத் தூசியால் வரும் கருநுரையீரல் நோய்க்கான உதவித்தொகையிலும் வாழ்கிறவர்கள் தங்குகிறார்கள். யாருடைய வருமானமும் மாறாமலே மீடியன் இறங்கலாம். பரம ஏழைகள் போய்விட்டால் ஏறலாம். ஆகவே மீடியனுக்குப் பக்கத்திலேயே வீடுகளின் எண்ணிக்கை, வயது, வீட்டுக்கு எத்தனை பேர் என்ற மூன்றையும் போடச் சொல்கிறேன். பிஇஏ எண்ணை எடுத்தாலும் இந்தச் சிக்கல் உங்களை விடாது.

கேள்வி: பணவீக்கம்?

பதில்: ஐந்தாண்டுத் தொகுப்பு அதன் கடைசி ஆண்டு டாலரில் இருக்கும். 1979 எண் 1979 டாலரில். எல்லாவற்றையும் ஒரே விலைக் குறியீட்டால் ஒரே ஆண்டுக்குக் கொண்டுவந்த பிறகு வரையுங்கள்.

கேள்வி: 2017–21, 2018–22 ஒப்பிடலாமா அக்கா?

பதில்: மேலேயே சொல்லிவிட்டேன். கூடாது. 2018–22-ஐ 2013–17-உடன் வையுங்கள், பிழை வரம்பையும் சேர்த்து அனுப்புங்கள்.