மகன் வெப்சைட் தொழில் செய்கிறான்: எந்தப் பத்திரத்தை முதலில் பார்க்க வேண்டும்?

அண்ணாச்சி,

உங்களுக்கு வீரவநல்லூரில் பலசரக்குக் கடை. மகன் பி.இ. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மாடி அறையில் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறான், வெளிநாட்டுக்காரர்களுக்கும் செய்கிறான். சொந்தமாக ஒரு தளம் நடத்துகிறான், அதில் விளம்பரக் காசும் கமிஷனும் கொஞ்சம் வருகிறது. "பொண்ணு கேட்டுப் போனா மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொல்ல?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தத் தொழில் என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன், அவன் கடை, அதாவது அவன் தளம், யார் பெயரில் இருக்கிறது, பேரேடு எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். வேலை நன்றாகத் தெரிந்த பையன்களும் இந்த இரண்டு இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த உங்களுக்கு இது புதிய பாடமே இல்லை, பெயர்கள்தான் புதிது.

டொமைன் என்பது தளத்தின் முகவரிப் பெயர், கடையின் பெயர்ப்பலகை மாதிரி. அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வருடக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைக்கிற இடம், சரக்கு அடுக்கி வைக்கிற வாடகை அறை மாதிரி. இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்குவது சுலபம்தான், ஆனாலும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அறை சரியில்லை என்று மாறும்போது பலகை நம் கையில் இருக்கும்.

டொமைன் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் தம்பியின், அதாவது உங்கள் மகனின், பெயரே இருக்க வேண்டும். கூடப் படித்த நண்பனின் கணக்கில் 'சும்மா சேர்த்து' வாங்கியது, பிறகு நட்பு முறிந்தால் திரும்பி வராது. பதிவுக்குக் கொடுத்த மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதமே கைக்கு வராது. .காம் போன்ற டொமைன்களில், புதிதாகப் பதிந்த பின் வரும் மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் தளம் முடக்கப்படும். நேற்றுவரை ஓடிய தளம் இன்று திறக்கவில்லை என்று பதறுகிறவர்களில் சிலருக்குக் காரணம் இந்த ஒரு சொடுக்குத்தான்.

கடைக்காரர்களுக்குச் செய்து கொடுக்கும் டொமைன்கள் அந்தந்தக் கடைக்காரர் பெயரில் இருக்கட்டும். தம்பி பெயரில் வைத்தால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போக மாட்டார் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது நியாயமில்லை, பிரச்சினை வரும் நாளில் பழியும் தம்பி தலையில்தான் விழும்.

காலாவதியானால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். .காம் டொமைனுக்குக் கெடு முடிந்த பிறகும், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கலாம். அடுத்த 30 நாள் மீட்புக் காலம், அதில் பல மடங்கு கட்டணம் கேட்பார்கள். அதன்பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். "தானாகப் புதுப்பி" என்று போட்டிருக்கிறேன் என்று தம்பி சொல்வான். ரிசர்வ் வங்கி விதிப்படி, பொதுவாக கார்டிலிருந்து தானாகப் போகும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓ.டி.பி. போட்டாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும், முறையாக இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நாம் தரும் முன் அனுமதி) பதியாத வெளிநாட்டு நிறுவனத்தின் பில் நிராகரிக்கப்படும். கார்டு மாறியிருந்தாலும் அதே கதி. அதனால் காலாவதித் தேதிகளைத் தினசரி காலண்டரில், ஒரு மாதம் முன்னால் எழுதி வையுங்கள். உங்கள் கடையிலேயே தொங்கட்டும்.

ஹோஸ்டிங் விலையில்தான் ஏமாற்றம் அதிகம். மாதம் 149 ரூபாய் என்று விளம்பரம் இருக்கும். அந்த விலை 36 மாதத்தை மொத்தமாகக் கட்டினால் மட்டும்: 5,364 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்து 6,330. நான்காம் வருடம் அதே அறைக்கு மாதம் 449 என்றால் ஒரே வருடத்துக்கு 6,358 ஆகிவிடும். மூன்று வருட வாடகையை ஒரு வருடத்துக்குக் கொடுத்த கணக்கு. வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைப் பார்த்து அதைத்தான் நிஜ வாடகையாக எழுதி வைக்க வேண்டும்.

ஒரே கணக்குக்குள் பன்னிரண்டு கடைகளின் தளங்களையும் அடுக்கி வைப்பது இன்னொரு தவறு. ஒரு தளத்தில் திருட்டு தீம் (தளத்தின் வடிவமைப்பு) போட்டு வைரஸ் புகுந்தால் பன்னிரண்டும் கெடும். ஹோஸ்டிங்கைப் பிரித்துக் கொடுக்க உதவும் ரீசெல்லர் திட்டம் எடுத்து, கடைக்கு ஒரு தனி சிபேனல் கணக்கு (தளத்தை நிர்வகிக்கும் கணக்கு) கொடுத்தால் ஒரு அறையின் தீ அடுத்த அறைக்குப் போகாது. தளம் அடிக்கடி '508' என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றால் கூட்டம் அதிகம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தேவையில்லாத பிளகின்களும் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்கள்), தளத்தை மேய்கிற ரோபோ நிரல்களும் அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய திறனைத் தின்றிருக்கும். பெரிய திட்டத்துக்குத் தாவும் முன் அதைப் பார்க்கட்டும்.

பேக்கப் அதே சர்வரில் கிடந்தால் அது பேக்கப் ஆகாது. வாரம் ஒரு நகல் கூகுள் டிரைவிலும் மாதம் ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கிலும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரு தளத்தைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகல் திறக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. ஹோஸ்டிங் மாற்றுவதாக இருந்தால், முந்தின நாளே டிஎன்எஸ் பதிவின் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய குறிப்பை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடியாகக் குறைத்துவிட்டு மாற்றட்டும். மெயில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும், அனுப்பியது நாம்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் பழைய இடத்திலிருந்து எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் தளம் வந்துவிடும், மெயில் வராது. அல்லது ஆர்டர் மெயில் எல்லாம் ஸ்பாமில் போய் விழும்.

பராமரிப்புக்குத் தம்பி கடைக்கு வருடம் 3,000 வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் 1,200, ஹோஸ்டிங் பங்கு 900, மாதம் ஒரு மணி நேர வேலை, மணிக்கு 250 வைத்தால் 3,000. அடக்கமே 5,100! பன்னிரண்டு கடைக்கு வருடம் 25,200 ரூபாய் அவன் உழைப்பு சும்மா போகிறது. அடக்கவிலை போடத் தெரியாமல் விற்றால் என்ன ஆகும் என்று அவனுக்கு உங்களைவிட நன்றாகச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இனி பேரேடு.

முதல் வேலை, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. ஆரம்பத்தில் தனி சேமிப்புக் கணக்கே போதும், நடப்புக் கணக்கு பிறகு பார்க்கலாம். வீட்டுச் செலவும் ஹோஸ்டிங் பில்லும் ஒரே கணக்கில் கலந்தால் மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து விழிக்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் ஒவ்வொரு தடவையும் வங்கி தரும் வரவுச் சான்றை மாதவாரியாகச் சேர்த்து வைக்கட்டும். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் 1,000 ரூபாய்க்கு 2% கட்டணம், அதன்மேல் 18% ஜிஎஸ்டி என்று 23.60 பிடித்து 976.40 அனுப்பினால், வரவு 1,000 என்றுதான் எழுத வேண்டும். வங்கியில் விழுந்ததை மட்டும் விற்பனையாக எழுதுவது இந்தப் பிள்ளைகள் செய்கிற சாதாரணத் தவறு.

வருமான வரியில் தம்பிக்கு மூன்று வகை வரவு இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே விதி இல்லை, குழப்பம் அங்கேதான். வெப்சைட் செய்து கொடுப்பது ஐ.டி. தொழில். ஆடிட்டர்கள் '44ஏடிஏ' என்று சொல்லும் முறையில் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்கு ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியதில்லை. வரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் வாயில் பழைய எண்தான் புழங்குகிறது. கமிஷன் வருமானம் அப்படியல்ல. சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி சலுகை, கமிஷன் வாங்குகிறவருக்குக் கிடையாது. அதனால் விளம்பரம், கமிஷன் இரண்டுக்கும் உண்மையான வரவு செலவு எழுதி, ஐடிஆர்-3 என்ற வருமான வரி ரிட்டர்ன் படிவத்தில் போவதே பாதுகாப்பு. எல்லாரும் போடுகிறார்கள் என்று ஐடிஆர்-4 போட வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு வேலை 6,40,000, உள்ளூர் வேலை 2,10,000. சேர்த்து 8,50,000, அதில் பாதி 4,25,000. விளம்பரம் 90,000, கமிஷன் 60,000, இரண்டுக்கும் செலவு 30,000 போக 1,20,000. மொத்த வருமானம் 5,45,000. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு தம்பிக்குக் கிடையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் கட்டாயம். கெடு தவறினால், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருப்பதால், வரியே இல்லாதவனும் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுவான்.

கமிஷன் கொடுக்கும் இந்திய நிறுவனம், வருடம் 20,000 தாண்டினால் 2% பிடித்துக்கொள்ளும். 60,000-க்கு 1,200. பான் எண் கொடுக்காமல் விட்டால் 20%, அதாவது 12,000. பிடித்தது வருமான வரித் தளத்தில் உள்ள வரிப் பிடித்தப் பட்டியலில் (வாயில் 26ஏஎஸ்) ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிட்டர்னில் கேட்டால் பணம் திரும்ப வரும். பின்னாளில் வருமானம் கூடி, வருட வரி 10,000-ஐத் தொட்டால் வருடம் முடியும் முன்பே முன்வரி கட்ட வேண்டும். கமிஷனும் கலந்திருப்பதால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் தவணையாகக் கட்டுவது நல்லது.

ஜிஎஸ்டிக்கு அவசரப்பட வேண்டாம். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. பார்ப்பது லாபத்தை அல்ல, மொத்த வரவை. வெளிநாட்டு வரவும் அதில் சேரும். தம்பியின் 10 லட்சம் பாதி வழிதான். பதிவு எடுத்துவிட்டால் வேலை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் ஓடும். பதிவு எண் இல்லாமல் பில்லில் 'ஜிஎஸ்டி 18%' என்று எழுதி வாங்குவது குற்றம். கடைக்காரர் வற்புறுத்தினாலும் கூடாது. 20 லட்சம் தாண்டினால் 30 நாளுக்குள் பதிந்து, ஏற்றுமதி வேலைக்கு வரி கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிக் கடிதம் போட வேண்டும். நாளைக்கு அவன் செடிபுட்டா சேலையோ கல்லிடைக்குறிச்சி அப்பளமோ ஆன்லைனில் விற்கப் புறப்பட்டால் விதி வேறு. 40 லட்சம் வரம்பு என்பது பொருள் மட்டும் விற்கிறவருக்கு, அதுவும் தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரைதான். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு இருந்தாலும், வரி விதிக்கப்படும் பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பொட்டலமும் போகக் கூடாது.

சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் காசு கேட்கும், ஏமாற வேண்டாம். அரையாண்டுக்கு ஒரு தடவை உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரி சுயதொழில் செய்கிறவருக்கும் உண்டு. அதிகபட்சம் 1,250 ரூபாய்தான், ஆனால் நிறையப் பேர் கேள்விப்பட்டதே இல்லை.

தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, அங்கே போகக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம், அது நல்ல வழி. ஆனால் பயத்தில் முடிவு எடுக்க வேண்டாம். அவன் பன்னிரண்டு மாத வரவில் ஹோஸ்டிங், டொமைன், கேட்வே கட்டணம், நெட் பில் எல்லாம் கழித்து, பி.எஃப். இல்லாத குறைக்கு மாதம் ஒரு தொகை பி.பி.எஃப்.-ல் போட்டு, மருத்துவக் காப்பீடும் எடுத்த பிறகு மிஞ்சுவதை, அங்கே கிடைக்கும் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு சேரவில்லை என்றால், வேலையில் சேர்ந்து தளத்தை இரவு நேரத்தில் ஓட்டட்டும்.

இன்று கடை அடைத்துவிட்டு வந்ததும் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, டொமைன் பதிவுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், காலாவதித் தேதி மூன்றையும் உங்கள் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வருமான வரித் தளத்தில் போன வருட ரிட்டர்னின் ஒப்புகைச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் இந்த வாரமே ஆடிட்டரிடம் கூட்டிப் போங்கள். இருந்தால், இரண்டு வருடச் சீட்டையும் பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். வங்கி மேலாளர் கேட்பதும் அதைத்தான், பெண்வீட்டார் கேட்டால் காட்டுவதும் அதைத்தான்.