பிக் லைன் போட்ட கை வீங்கினால் தைலம் தேய்க்கலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு பேத்தி கேட்டிருக்கிறார்: "அப்பத்தாவுக்கு 67 வயது. மதுரையில் கீமோ நடக்கிறது. வலது மேல்கையில் மருந்து ஏற்றுவதற்குப் பிக் லைன் என்ற குழாய் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பக்கத்துக் கிளினிக் சிஸ்டர் வந்து குழாய்க்குள் சலைன் விட்டு ஃப்ளஷ் செய்கிறார். மூன்று நாளாகக் கை கனக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை. ரத்தக்கட்டாக இருக்கும், தைலம் தேய்த்து உருவிவிடு என்கிறார்கள். செய்யலாமா? எண்ணெய்க் குளியல் கூடுமா?"

உருவாதீர்கள். ஒத்தடமும் வேண்டாம். கீமோ டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, இன்றே கைக்கு, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மோதிரம் சோப்புத் தண்ணீருக்கு வழுக்கி வராவிட்டால் ஆசாரியிடம் சொல்லி வெட்டிவிடுங்கள். பழைய நகை என்று தயங்க வேண்டாம்.

ரத்தக்கட்டு என்றதும் நமக்கு அடிபட்டுக் கன்றிப்போனதுதான் நினைவுக்கு வருகிறது, உடனே தைலத்தைத் தேடுகிறோம். இது வேறு. நாளத்துக்குள்ளேயே ரத்தம் உறைந்து நிற்பது. அழுத்தித் தேய்த்தால் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் உறைகிறது? பிக் லைன், டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தும் வென்ஃப்ளான் போலச் சின்ன ஊசியல்ல. மேல்கை நாளத்தில் நுழைந்து, தோள் வழியாக இதயத்தின் வாசல்வரை போகும் குழாய். அது நாளத்தின் அகலத்தில் 45 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் ரத்த ஓட்டம் மந்தமாகிவிடும். புற்றுநோய் இருக்கும் உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும், கீமோவும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மருந்துக்கு ஒரு வழி போதுமென்றால் இரண்டு மூன்று வழியுள்ள குழாய் வேண்டாம் என்கிறோம்.

ரத்தக்கட்டு இருந்தாலும் குழாயை உருவியே ஆக வேண்டும் என்றில்லை. குழாய் ஒழுங்காக வேலை செய்து, இன்னும் தேவையும் இருந்து, காய்ச்சலும் இல்லையென்றால் பெரும்பாலும் அதை வைத்துக்கொண்டே ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். குறைந்தது 3 மாதம் எடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை காய்ச்சல். செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவுவரை நேராகத் தெரியுமே, அப்படித்தான் இந்தக் குழாயும். வெளிமூடியில் ஒட்டிய கிருமிக்கு நடுவில் தடுப்பே இல்லை, நேரே ரத்தத்துக்குள் போய்விடும். சிஸ்டர் ஃப்ளஷ் செய்த சிறிது நேரத்தில் அப்பத்தாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தால் குழாயில் கிருமி இருக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும். கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி தொட்டாலே அவசரம்தான், நள்ளிரவானாலும் புறப்படுங்கள். வழியில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்பே குழாயிலிருந்தும் மறு கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குழாய் ரத்தத்தில் கிருமி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக வளர்ந்தால், ஊற்று குழாய்தான் என்று பிடித்துவிடலாம்.

சிஸ்டர் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கை கழுவினாரா, மூடியை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட்டாரா, 10 மில்லி சிரிஞ்ச்தானா? சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாயே வெடிக்கலாம். சலைன் போகாமல் முரண்டினால் தள்ளவே கூடாது. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்காதீர்கள், நல்ல சிஸ்டர் கோபிக்க மாட்டார். ஒட்டியிருக்கும் கண்ணாடி பிளாஸ்திரியை 7 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு வேர்த்து ஓரம் கிளம்பினால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய்க் குளியல் இப்போதைக்கு வேண்டாம், எண்ணெய் பட்டால் பிளாஸ்திரி நிற்காது. தலைக்கு மட்டும் வேறு யாராவது தொட்டு வைக்கட்டும். மேல்கையைப் பிளாஸ்டிக் சுற்றி மூடிவிட்டு மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். ஊருணியில் இறங்குவது, கிணற்றில் வாளி இறைப்பது இரண்டும் கூடாது. பிரஷர் பார்ப்பது இடது கையில்தான்.

ரத்தக்கட்டு இல்லை என்று ஸ்கேன் சொன்னால், பயந்து கையை மடியிலேயே வைத்திருக்க விடாதீர்கள். தலை வாரட்டும், பூத் தொடுக்கட்டும். முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலே தையல் டேப்பால் இரண்டு கையையும் அளந்து, காலண்டரில் குறித்து வாருங்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் போகும்போது டாக்டரிடம், "இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டு ஊர் திரும்புங்கள்.