நாலு எலி முடிஞ்சிருக்கு, மிச்சம் முப்பத்தாறும் சாம்பல் நிறத்துல கிடக்கு

கேள்வி: அக்கா, வணக்கம். நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல வேலை பார்க்குறேன். கூட வேலை செய்யுற ஒருத்தரால ஏஜ் ஆஃப் சிக்மார்னு, நாமே பெயின்ட் பண்ணின சின்னப் பொம்மைப் படைகளை மேசையில வச்சு மோத விடுற விளையாட்டு, அதை விளையாட ஆரம்பிச்சேன். ஸ்கேவன் எலிப்படை ரொம்ப பிடிச்சுப்போய் கிளான்ராட்ங்கிற சாதா எலி வீரன் நாப்பது, ராட் ஓகர்ங்கிற ராட்சச எலி மூணு, கிரே சீயர்ங்கிற மந்திரவாதி எலி ஒண்ணுன்னு வாங்கிட்டேன். யூடியூப் பார்த்து ஒவ்வொண்ணா பெயின்ட் பண்றேன், மூணு மாசத்துல நாலு கிளான்ராட் தான் முடிஞ்சிருக்கு. அந்த நாலையும் தினமும் எடுத்து எடுத்து பார்ப்பேன். ஆனா ஜனவரி கடைசில எங்க கிளப்ல போட்டி, பெயின்ட் பண்ணாத பொம்மையை மேசையில வைக்கக் கூடாதாம். காசு கொடுத்து வெளிய பண்ணி வாங்கிடவா, இல்ல எல்லாத்தையும் வித்துடவா? வீட்டுல வேற இன்னும் எத்தனை டப்பா வரும்னு கேக்குறாங்க. எட்டு வயசு பொண்ணு தொடணும்னு அடம் பிடிக்கிறா, உடைச்சிடுவாளோன்னு மேல் ஷெல்ஃப்ல வச்சிருக்கேன். என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, விக்காதீங்க. வெளிய கொடுத்து பெயின்ட் பண்ணி வாங்குறது ஒண்ணும் தப்பில்ல, நேரமே இல்லாதவங்க நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க, ஆனா முடிச்ச நாலு எலியை தினமும் எடுத்துப் பார்க்குறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அப்படிப்பட்ட ஆளு அடுத்தவங்க பெயின்ட் பண்ணின படையை வாங்கி வச்சா அந்த சந்தோஷம் இருக்காது. உங்களுக்கு பெயின்ட் பண்ண வரல, பிடிக்கலன்னு எதுவும் இல்ல. ஒத்தைப் பொம்மைக்கு உள்ள வேலையை நாப்பது பொம்மைக்கும் செய்யப் பார்க்குறீங்க, அதான் சிக்கல்.

நீங்க பார்க்குற வீடியோல பாதி, போட்டிக்கு வைக்கிற ஒரே ஒரு பொம்மையை எப்படி பண்றதுன்னு காட்டுறது. இந்த விளையாட்டை உருவாக்கின கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனி 1987ல இருந்து நடத்துற கோல்டன் டீமன் மாதிரி பெயின்டிங் போட்டிக்கு அந்த வேலை சரி, அங்க ஜட்ஜ் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. உங்க எலிங்க மேசையில இருக்கும், எதிர்ல நிக்கிறவர் மூணடி தள்ளி நின்னு பார்ப்பார், அவர் கண்ணுக்கு எட்டுறது படையோட மொத்த நிறம், மூஞ்சி, பேஸ் (பொம்மை நிக்கிற தட்டு), பேஸோட ஓரம், அவ்வளவுதான். இடுப்பு பெல்ட்டுல இருக்குற பக்கிளுக்கு நீங்க போட்ட மூணு ஷேடு அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால சாதா எலிக்கு கண்ணுக்கு எட்டுற இடத்துல மட்டும் உழைங்க, முழு மெனக்கெடலும் கிரே சீயருக்கு வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம், நீங்க தேர்ந்தெடுத்த படையே உங்களுக்கு சாதகம். பொம்மை வடிவமைப்பாளர் ஜெஸ் குட்வின் எண்பதுகள்ல உருவாக்கின காலத்துல இருந்தே ஸ்கேவன்னா அழுக்கு, கந்தல், துரு, பாதாளத்துல கிடைச்சதை எல்லாம் ஒட்ட வச்ச ஆயுதம். பளபளன்னு தங்கக் கவசம் போட்ட ஸ்டார்ம்காஸ்ட்னு இதே விளையாட்டுல இருக்குற இன்னொரு படையில ஒரு சொட்டு பெயின்ட் தப்பா விழுந்தா பளிச்சுன்னு தெரியும், எலி மேல விழுந்தா அது சேறு. கோடு தாண்டினா தாண்டட்டும், விட்டுட்டு அடுத்த எலிக்குப் போங்க.

இப்ப வேலைக்கு வருவோம். முப்பத்தாறையும் ஒரே நேரத்துல எடுத்து வைக்காதீங்க, பார்த்தாலே மலைப்பு வந்துடும், ஒன்பது ஒன்பதா நாலு தடவை பண்ணுங்க. மரக்குச்சி மேல டபுள் சைடு டேப் ஒட்டி வரிசையா அஞ்சு, நாலுன்னு நிக்க வச்சா பிடிச்சுக்கவும் வசதி. பெயின்ட் ஒட்டுறதுக்காக முதல்ல அடிக்கிற பிரைமரை கருப்புல போட்டு நல்லா காய விட்டு, முதல்ல சாம்பல் கலர்ல டிரைபிரஷ், அதாவது கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ஷால மேடான இடத்துல மட்டும் தேய்க்கிறது, அப்புறம் தலை, தோள், கேடயத்தோட மேல் விளிம்புல மட்டும் வெள்ளை டிரைபிரஷ். இதுக்கு பெயின்ட் கடை பிரஷ் வேண்டாம், மேக்கப் போடுற மெத்துன்னு உருண்டையா இருக்குற பிரஷ் போதும், பெயின்ட்டை தொட்டு டிஷ்யூல நல்லா துடைச்சு, துடைச்சதுல ஒண்ணுமே வராத மாதிரி ஆனதுக்கப்புறம் பொம்மை மேல தேய்ச்சா முடி முடியா எழும்பி வரும் பாருங்க, அதை முதல் தடவை பார்க்கும்போது உங்களுக்கே கை பரபரக்கும்.

அதுக்கு மேல கான்ட்ராஸ்ட் பெயின்ட். 2019ல கேம்ஸ் வொர்க்ஷாப்போட சிட்டாடெல் பிராண்டுல வந்தது, இப்ப ஆர்மி பெயின்டர்காரங்க ஸ்பீட்பெயின்ட்னு விக்கிறதும் கிட்டத்தட்ட அதே வேலை செய்யும். அது கண்ணாடி மாதிரி உள்ள இருக்குறதை காட்டும், பள்ளத்துல தானா அடர்த்தியா இறங்கும், அதனால கீழ போட்ட டிரைபிரஷ்ஷே ஷேடு, ஹைலைட் ரெண்டையும் கொடுத்துடும். எல்லா எலிக்கும் ஒரே பழுப்பு வேண்டாம், ஸ்னேக்பைட் லெதர், வைல்டுவுட், கோர்-கிரன்ட்டா ஃபர்னு மூணு பாட்டில் வச்சு மாத்தி மாத்தி போடுங்க, கூட்டமா வச்சா உயிரோட இருக்கும். துணிக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே கலர், அந்த ஒரு கலர்தான் இதுங்க எல்லாம் ஒரே படைன்னு சொல்லும். ஒரு இடத்துல குளமா தேங்கி நின்னா காயுறதுக்கு முன்னாடியே ஈர பிரஷ்ஷால உறிஞ்சி எடுத்துடுங்க, காஞ்சப்புறம் தொட்டா திட்டு திட்டா ஆயிடும்.

ஆயுதத்துக்கு லெட்பெல்ச்சர்ங்கிற இரும்பு கலர் போட்டு, மேல டைஃபஸ் கொரோஷன்ங்கிற அழுக்கு பெயின்ட்டை அங்கங்க தட்டி விட்டு, அது காஞ்சதும் ரைஸா ரஸ்ட் ஆரஞ்சை விளிம்புல லேசா தேய்ச்சா அசல் துரு. மூஞ்சிக்கு பல்லுல எலும்பு கலர் ஒரு புள்ளி, கண்ணுல சிவப்பு ஒரு புள்ளி, மூக்குக்கும் வாலுக்கும் இளஞ்சிவப்பு. இதைத் தாண்டி சாதா எலிக்கு ஒண்ணும் செய்யாதீங்க. கை சும்மா இருக்காது, இன்னும் கொஞ்சம் பண்ணலாமேன்னு இழுக்கும், அப்ப அந்தக் குச்சியை தள்ளி வச்சிட்டு அடுத்த குச்சியை எடுங்க.

பேஸை மட்டும் கடைசி ராத்திரி பார்த்துக்கலாம்னு விடாதீங்க. மண் மாதிரி சொரசொரப்பா இருக்குற டெக்ஸ்சர் பேஸ்ட் தடவி, காய விட்டு, வாஷ்ங்கிற தண்ணி மாதிரி பெயின்ட் ஒண்ணு, டிரைபிரஷ் ஒண்ணு, ஓரத்தை சுத்தமா கருப்பு. ஓரம் சுத்தமா இருந்தா சுமாரா பண்ணின எலி கூட நல்லாத் தெரியும், ஓரத்துல பெயின்ட் வழிஞ்சிருந்தா நல்லா பண்ணின எலியும் அரைகுறையா தெரியும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன்.

ஏற்கனவே முடிச்ச நாலும் மத்ததோட ஒட்டாதேன்னு கவலை வந்தா, அதுங்களுக்கும் இதே பேஸ், இதே கருப்பு ஓரம் போட்டு, குழுவுக்கு முன்னாடி தலைவன் இடத்துல, கொடிக்குப் பக்கத்துல நிறுத்துங்க. எல்லார் கண்ணும் முதல்ல போற இடம் அதுதான், நீங்க மூணு மாசம் போட்ட உழைப்புக்கு அதுதான் சரியான இடம். கிரே சீயரை எல்லா எலியும் முடிஞ்சப்புறம் எடுங்க, அதுக்குள்ள கை பழகியிருக்கும். வெளுத்த ரோமம், கொம்பு, கையில இருக்குற வார்ப்ஸ்டோன்ங்கிற மந்திரக் கல்லோட பச்சை வெளிச்சம்னு உங்க ஆசை தீர எத்தனை ராத்திரி வேணா உட்காருங்க.

ஒரு எச்சரிக்கை. நவம்பர், டிசம்பர்ல உங்க ஊர்ல ஈரம் ஜாஸ்தி, ஸ்ப்ரே பிரைமர் அடிச்சா மணல் தூவின மாதிரி சொரசொரன்னு ஆகும், அப்படி ஆச்சுன்னா பொம்மையோட நுணுக்கம் எல்லாம் போயிடும். காஞ்ச நாளா பார்த்து, கேனை நல்லா குலுக்கி, ஒரு சாண் தூரத்துல இருந்து வெளிய வச்சு அடிங்க. காஞ்ச நாளே கிடைக்கலன்னா வயஹோ (Vallejo) கம்பெனி மாதிரி பிரஷ்ல தடவுற பிரைமர் வாங்கி ஒரு நாள் முழுக்க காய விடுங்க. அதோட கிளப்ல போட்டி நடத்துறவங்ககிட்ட விளையாட்டுக்குப் போதும்னு கேம்ஸ் வொர்க்ஷாப் சொல்ற பேட்டில் ரெடி அளவு போதுமான்னு இப்பவே கேட்டுடுங்க, மெயின் கலர் எல்லாம் போட்டு பேஸ் முடிச்சிருந்தா அந்த அளவு வந்துடும், நான் மேல சொன்னது அதை விட ஒரு படி கூடவே இருக்கும். ஓகர் மூணும் முடியாது போல இருந்தா அதை விட்டுட்டு சின்ன பட்டியலோட இறங்க முடியுமான்னும் கேளுங்க.

வீட்டுல கேக்குறது நியாயமான கேள்வி. இந்த நாப்பத்தி நாலும் முடியுற வரைக்கும் புது டப்பா வீட்டுக்குள்ள வராதுன்னு சொல்லுங்க, சொன்னபடி நடங்க. பொண்ணை தள்ளி வைக்காதீங்க தம்பி. கத்தி, சூப்பர் க்ளூ, பிளாஸ்டிக் க்ளூ, ஸ்ப்ரே நாலும் அவ பக்கம் போகக் கூடாது, மத்தபடி தண்ணில கரையுற அக்ரிலிக் பெயின்ட்டுக்கு எட்டு வயசு சரியான வயசு. பேஸ்ல டெக்ஸ்சர் பேஸ்ட் தடவுற வேலையை முழுசா அவகிட்ட கொடுங்க, அதை கெடுக்கவே முடியாது. முப்பத்தாறுல ஒரு எலியை அவளுக்குன்னே கொடுத்துடுங்க, ஊதா எலி வேணும்னா ஊதாவே ஆகட்டும், நீங்க அதுல திருத்தம் பண்ணாதீங்க, போட்டிக்கும் அதை எடுத்துட்டுப் போங்க.

எல்லாம் முடிஞ்சதும் மேட் வார்னிஷ் ஒரு கோட் கண்டிப்பா வேணும், கான்ட்ராஸ்ட் கை பட்டுப் பட்டு மூக்கு நுனியிலயும் கேடயத்து விளிம்புலயும் தேயும். ஸ்ப்ரே வார்னிஷ் ஈரத்துல வெள்ளையா பூத்துடும், அதனால அதையும் பிரஷ்லயே தடவிடுங்க.