ஒரு வாதத்தைப் படமாக வரைவது எப்படி? மனவரைபடமும் (மைண்ட் மேப்) இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. மனவரைபடத்தில் ஒரு கோடு "இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு" என்று மட்டும் சொல்லும். வாத வரைபடத்தில் கோடு என்றால், கீழே இருப்பது மேலே இருப்பதை ஏற்கவோ மறுக்கவோ காரணம். வேறு பொருளில் ஒரு கோடுகூட வரக்கூடாது.

ஒரு பெரிய தாளும் பச்சை, சிவப்பு ஒட்டுத்தாள்களும் போதும். முடிவை உச்சியில் ஒட்டுங்கள். அதன் கீழே காரணங்கள் பச்சையில், மறுப்புகள் சிவப்பில். ஒரு தாளுக்கு ஒரே முழு வாக்கியம். "பாதுகாப்பு" என்று மட்டும் எழுதினால் அது உண்மையா பொய்யா என்று கேட்க வழியில்லை. தாளுக்குள் "ஏனென்றால்", "ஆகவே" வந்தால் அங்கே இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கிடக்கின்றன; பிரித்துவிடுங்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. முடிவு: "பள்ளி வாசலில் வேகத்தடை போட வேண்டும்." காரணம்: "பள்ளி வாசலில் வண்டிகள் வேகமாகப் போகின்றன." முடிவில் உள்ள "வேகத்தடை" காரணத்தில் இல்லை. காரணத்தில் உள்ள "வண்டிகள்" முடிவில் இல்லை. இப்படி ஒரு பக்கம் மட்டும் தொங்கும் சொல் இருந்தால், சொல்லாமல் விட்ட கூற்று ஒன்று இருக்கிறது. அதை எழுதுங்கள்: "வண்டிகள் வேகமாகப் போகும் இடத்தில் வேகத்தடை போட வேண்டும்."

எழுதியதும் ஓட்டை தெரிகிறது. நெடுஞ்சாலையிலும் வேகமாகத்தானே போகின்றன? ஆகவே திருத்தம்: "குழந்தைகள் கடக்கும் சாலையில் வண்டிகள் வேகமாகப் போனால் அங்கே வேகத்தடை போட வேண்டும்." இப்போது "பள்ளி வாசலில் குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள்" என்று மூன்றாவது தாளும் தேவைப்படுகிறது. மூன்றில் எதை எடுத்தாலும் மற்ற இரண்டும் நிற்காது; அதனால் மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு ஒரே கோட்டால் முடிவோடு இணைக்க வேண்டும். தனித்தனிக் கோடு போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அப்படிப் போட்டால் ஒரே காரணம் மூன்று காரணங்கள் போலத் தோன்றி, வாதம் இருப்பதைவிட வலுவாகத் தெரியும்.

(மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் விளக்கும் அனுமானமும் (கண்டதை வைத்துக் காணாததை அறிவது) இப்படித்தான்: மலையில் நெருப்பு என்பது முடிவு, புகை என்பது காரணம். இரண்டையும் இணைக்க, புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கும் அடுக்களை எடுத்துக்காட்டாக வருகிறது.)

மறுப்பை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். "ஆம்புலன்ஸ் தாமதமாகும்" என்பது நேரே முடிவைத் தாக்குகிறது. "இங்கே குழந்தைகள் நடைமேம்பாலத்தில்தான் கடக்கிறார்கள்" என்பது மூன்றாவது தாளை மட்டும் தாக்குகிறது. நேரில் போய்ப் பார்த்தால் தீர்ந்துவிடும். இரண்டையும் உச்சியில் ஒட்டினால் எதைச் சரிபார்ப்பது என்று தெரியாமல் விவாதம் இழுத்துக்கொண்டே போகும்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் விக்மோர் 1913-லேயே நீதிமன்றச் சாட்சியங்களை இப்படிப் படமாக்கும் முறையை வெளியிட்டார். இன்று கணினியில் செய்ய ஆர்க்டவுன் (Argdown) என்ற மென்பொருள் இலவசம். எழுதிக்கொடுத்தால் படமாக்கித் தரும். ஆனால் முதல் வரைவு ஒட்டுத்தாளிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கூற்றும் நாலைந்து முறை இடம் மாறும்.