மருத்துவர் பதில்கள்: ரத்தப் பரிசோதனையில் வரும் எண்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஹீமோகுளோபின் 9 கிராம்தான் என்று அறிக்கை வந்திருக்கிறது. மூன்று மாதங்களாகப் பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று சாப்பிட்டும் ஏறவில்லை. எனக்கு ரத்தமே ஊறாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. நலமாக உள்ள ஒருவரின் எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொரு சிவப்பணுவும் சுமார் 120 நாட்கள் வாழ்ந்து, மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்பட்ட பின், அதிலிருந்த இரும்பு புதிய அணுக்களுக்காக மீண்டும் மஜ்ஜைக்கே போய்ச் சேருகிறது. இரும்பை உடல் இவ்வளவு சிக்கனமாகக் கையாளுவதால், பற்றாக்குறை என்று தெரிந்தவுடன் என்ன சாப்பிடலாம் என்று கேட்பதற்கு முன், இரும்பு எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்க வேண்டும். உங்கள் வயதில் அதிகமான மாதவிடாய்ப் போக்கும் அடுத்தடுத்த பிரசவங்களும் முதன்மைக் காரணங்கள். கொக்கிப்புழுவும் மூலநோயும் அடுத்த இடத்தில் வருகின்றன. (ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், இரைப்பையிலோ குடலிலோ ரத்தக்கசிவு உள்ளதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வெறும் சத்துக்குறைவு என்று விட்டுவிடுவது ஆபத்து.)

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே இது உங்கள் ஒருவரின் குறையல்ல. பீட்ரூட்டின் சிவப்பு ஒரு தாவர நிறமி மட்டுமே. அதில் இரும்பு சொற்பம். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேரும். கீரையிலும் பயறுகளிலும் உள்ளது அவ்வளவு எளிதாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றோடு உண்டால் ஓரளவு கூடுதலாகச் சேரும். ஆனால் 9 கிராம் என்ற நிலையில் உணவு மட்டும் போதாது, மருத்துவர் எழுதித் தரும் இரும்புச்சத்து மாத்திரை தேவை. அதைக் காபி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் பெரும்பயன் இல்லை. மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். எண் சரியானதும் நிறுத்திவிடாமல், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் சுமார் மூன்று மாதங்கள் தொடர வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஏறவில்லை, சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருக்கின்றன, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் சரியாக இருக்கிறது என்றால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவரா என்று அறியும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனையைக் கேளுங்கள். ஒரு மரபணுவை மட்டும் சுமப்பவருக்குப் பெரும்பாலும் தொல்லை ஏதும் இராது. ஆனால் கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தீவிரமான தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். ஜாதகம் பார்க்கும் குடும்பங்கள் இந்த ஒரு பரிசோதனையையும் பார்த்துவிட்டால் நல்லது.

கேள்வி: டெங்கு காய்ச்சலில் என் மகனுக்குத் தட்டணுக்கள் 48,000 ஆகக் குறைந்தன. பப்பாளி இலைச்சாறு கொடுத்தோம், ஏறிவிட்டது. தட்டணு ஏற்றாமலேயே மருத்துவமனையில் அனுப்பிவிட்டது சரியா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சரிதான். தட்டணுக்களின் இயல்பான எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. ரத்தக்குழாயில் கீறல் விழும்போது அவை அங்கே ஒட்டிக்கொண்டு முதல் அடைப்பை உண்டாக்குகின்றன. பின்னர் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலுள்ள உறைவுக் காரணிகள் ஃபைப்ரின் இழைகளைப் பின்னி அதை உறுதிப்படுத்துகின்றன. இந்த வேலைக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும் என்பதால், ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்குப் பொதுவாக 10,000 வரை இறங்கும் முன் தட்டணு ஏற்றத் தேவை எழுவதில்லை.

டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று. நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கசிந்து, பிளாஸ்மா வெளியேறி, ரத்தம் கெட்டிப்பட்டு, ரத்த அழுத்தம் சரிவதே பெரிய ஆபத்து. அறிக்கையில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் என்ற எண் ஏறிக்கொண்டே போவது அதற்கு அடையாளம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாட்களில்தான் இது நேர்கிறது. அப்போது விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இலைச்சாற்றைப் பற்றி: டெங்குவில் தட்டணுக்கள் ஓரிரு நாட்களில் தாமாகவே ஏறத் தொடங்கும், அந்த வேளையில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடும். வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு அதை வற்புறுத்திப் புகட்டாதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளையும் தராதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

கேள்வி: ‘ஓ’ வகை ரத்தம் எல்லோருக்கும் பொருந்தும் என்று படித்திருக்கிறேன். அது பொருந்தாதவர்களும் உண்டா?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

பதில்: உண்டு. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்த ஏ, பி என்னும் இரு அடையாளங்களும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ‘ஹெச்’ என்ற அடிப்படைப் பொருளின் மீது கட்டப்படுபவை. ‘ஓ’ வகையினருக்கு ஏ, பி இரண்டும் இல்லாவிட்டாலும் ஹெச் இருக்கிறது. அந்த ஹெச்சும் இல்லாதவர்களை 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் முதன்முதலில் விவரித்ததால், அந்த வகை ‘பம்பாய் ரத்தம்’ என்று பெயர் பெற்றது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. வழக்கமான பரிசோதனையில் இவர்கள் ‘ஓ’ என்றே தெரிவார்கள். ஆனால் இவர்களுடைய பிளாஸ்மாவில் ஹெச்சுக்கு எதிரான பொருள் இருப்பதால், ‘ஓ’ ரத்தத்தை ஏற்றினாலும் அந்த அணுக்கள் உடைந்து, சிறுநீரகம் பழுதாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தம் ஏற்றும் முன் கொடையாளியின் அணுக்களோடு நோயாளியின் ரத்த மாதிரியைச் சேர்த்துப் பொருத்தம் பார்ப்பது இதையும் பிடித்துவிடும். அவசரம் என்று உறவினர்கள் நெருக்கினாலும் ரத்த வங்கியினர் அந்தச் சோதனைக்கு நேரம் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

கேள்வி: ரத்ததானம் செய்தால் பலவீனம் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். எத்தனை நாளில் ஈடாகும்?
– வாசகர், ஈரோடு

பதில்: உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உள்ளது, எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலிட்டர். பிளாஸ்மா ஓரிரு நாட்களில் நிரம்பிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரங்கள் ஆகும். இதைக் கருதியே ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வைத்திருக்கிறார்கள். வயது 18க்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் வீட்டார் தயங்க வேண்டியதில்லை. நீங்கள் தரும் ஒரு பையைப் பிரித்துச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று வெவ்வேறு நோயாளிகளுக்குக் கொடுக்க முடியும். தட்டணுக்கள் 5 நாட்களுக்கு மேல் தாங்காது. ஆகவே முகாம் நடக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல், இடைவெளி முடிந்ததும் அருகிலுள்ள அரசு ரத்த வங்கிக்கு நேரில் போய்க் கொடுப்பது கூடுதல் பயன் தரும்.