மலைப்பாதைக்கு எந்த இன்ஜின், எந்த ஆயில் ஃபில்டர்?

கேள்வி: ஒடுகத்தூரில் வசிக்கிறோம். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு நடை மலையேற வேண்டும். அறுவடைக் காலத்தில் திரும்பும்போது சாமை, புளி என்று ஐந்தாறு மூட்டை இருக்கும். கடைசி சில கிலோமீட்டர் கல்லும் ஓடையும்தான். பழைய டி.ஐ. (மெக்கானிக்கல் பம்ப் டீசல்) மஹிந்திரா தார் ஜீப், 2017 மாடல் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல்) தார், ஒரு மாருதி ஜிப்ஸி என்று மூன்று வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டியே எடுத்துவிடச் சொல்கிறார் மாமா. எந்த இன்ஜின் நம்பி ஏறலாம், ஐயா? கம்பெனி ஆயில் ஃபில்டருக்கும் பாதி விலைக்குக் கிடைப்பதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

பதில்: குதிரைத்திறனை முதலில் மறந்துவிடுங்கள். மலைப்பாதையில் நீங்கள் ஓட்டப்போவது மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில். அங்கே வேண்டியது இழுவை. அதுவும் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே வரும் இழுவை. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அதிகபட்ச இழுவை 103 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது நிமிடத்துக்கு 4,500 சுற்றில். சி.ஆர்.டி.இ. தாரின் 2.5 லிட்டர் டீசலுக்கு 247; 1,800 முதல் 2,000 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். பழைய டி.ஐ. அதைவிடக் குறைவாக இழுத்தாலும், 1,500 சுற்றிலேயே இழுக்கத் தொடங்கிவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல், லோ கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் கல்மேல் தானாக ஊர்ந்து ஏறும் வண்டி இதுதான்.

ஜிப்ஸி மோசமான வண்டி என்று சொல்லவில்லை. ராணுவம் அத்தனை ஆண்டுகள் அதை வைத்திருந்தது சும்மா இல்லை. எடை சுமார் ஒரு டன்தான். ஈர மண்ணில் டீசல் வண்டி புதையும் இடத்தை அது தாண்டிப் போய்விடும். நீங்களும் இன்னொருவரும் மட்டும் போவதானால் நானே அதைச் சொல்வேன். முந்நூறு கிலோ மூட்டையோடு கல்லில் ஏற்றி இறக்கினால் இன்ஜினைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டுக் கிளட்ச் பிளேட் தேயும். உங்கள் வேலைக்கு டீசல்தான்.

இனி டி.ஐ.யா, சி.ஆர்.டி.இ.யா? பலர் எலெக்ட்ரானிக்ஸைப் பார்த்து பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது கேனைப் பார்த்து. மலையில் நிலம் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் கேனில் டீசல் வாங்கிக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். இரவுக் குளிரில் கேனுக்குள் வியர்த்த நீர் அடியில் தங்கும், மூடி ஓரத்துத் தூசி உள்ளே இறங்கும். பழைய டி.ஐ.யின் மெக்கானிக்கல் பம்ப் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சி.ஆர்.டி.இ.யின் காமன் ரெயில் பொறுக்காது. அதில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் போதும், இன்ஜெக்டருக்கும் பம்ப்புக்கும் சேர்த்துச் செலவு வைக்க. பங்க்கில் மட்டுமே டீசல் போடுவேன், டீசல் ஃபில்டர் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்துவிடுவேன் என்றால் 2017 சி.ஆர்.டி.இ.யை எடுங்கள். கேன் டீசலைத் தவிர்க்க முடியாது என்றால் டி.ஐ.தான் உங்களுக்கு. புகை கொஞ்சம் கூட வரும், சத்தம் வரும். ஆனால் கையில் நாலு ஸ்பேனர் இருக்கும் எந்த மெக்கானிக்கும் அதை மலையிலேயே பிரித்துப் பார்த்துவிடுவார்.

மாமா சொல்லும் பிஎஸ்-6 டீசலில் நல்ல இழுவை இருக்கிறது. ஆனால் சைலன்ஸர் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு ஃபில்டரும் உண்டு. சேர்ந்த கரியை எரிக்க, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் சூடாக ஓட வேண்டும். மலைக்கும் வீட்டுக்கும் நடுவே முதல், இரண்டாம் கியரிலேயே ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில் இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறினால் அதுதான் அடையாளம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை. வாரம் ஒருமுறை வேலூர் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டும் வேலை இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

வாங்கப் போகும்போது காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, வாய்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், புகை குப்குப் என்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் கீழே கசிகிறது. பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டர் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் முழுகிய வண்டியாகவும் இருக்கலாம். இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் வேறு இன்ஜின் ஏற்றுவது நம் பக்கம் சகஜம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பிரச்சினையாகும்.

இப்போது ஃபில்டர். உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஒரே வண்டிக்கு உரிய இரண்டு ஃபில்டரை என் மேசைமேல் வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்று கம்பெனியுடையது, மற்றது பெயரில்லாத டப்பாவில் வந்தது. வெளியே பெயின்ட் நிறம்கூட ஒன்றுதான். உள்ளே, மலிவானதில் காகித மடிப்புகள் கம்பெனி ஃபில்டரில் இருந்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தன. ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் விரல் நுழையும் இடைவெளியோடும் இருந்தன. மடிப்பின் முனையில் பசை விட்டிருந்தது. அந்த இடுக்கு வழியே ஆயில் காகிதத்தைத் தொடாமலே போய்வரலாம். வாய்ப்பக்கம் இருக்க வேண்டிய ரப்பர் வால்வு விறைத்துப் போயிருந்தது. அந்த ரப்பருக்கு வேலை, இன்ஜினை நிறுத்திய பிறகு ஃபில்டருக்குள் ஆயிலைப் பிடித்துவைப்பது. அது பிடிக்காவிட்டால் தினமும் காலையில் முதல் சில நொடிகள் பேரிங்கும் டர்போவும் ஆயில் இல்லாமல் சுற்றும். ஸ்டார்ட் செய்ததும் வரும் 'கடகட' சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வால்வும் உள்ளே இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக அது திறந்து, ஆயிலை வடிகட்டாமலே பேரிங்குக்கு அனுப்பும். அப்போது டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆயில் விளக்கு அழுத்தம் விழுந்தால்தான் எரியும், அழுக்குக்கு எரியாது. மலிவு ஃபில்டரில் இதன் ஸ்பிரிங் இளகலாக இருந்தால் ஃபில்டர் புதிதாக இருக்கும்போதே திறந்துகொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய காகிதம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எனவே கம்பெனி ஃபில்டரையோ, கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் பெயர்பெற்ற ஃபில்டரையோ மட்டும் வாங்குங்கள். டப்பா எண்ணை வண்டி மாடலோடு சரிபாருங்கள். "இதுவும் ஏறும்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். முக்கால் அங்குல த்ரெட்டும் 20 மில்லிமீட்டர் த்ரெட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் ஃபில்டர் அதன்மேல் தளர்வாகச் சுற்றி ஏறிவிடும். கல்லில் குலுங்கும்போது கழன்று விழுந்தால் ஐந்தாறு லிட்டர் ஆயிலும் தரையில்தான்.

மாட்டும்போது நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அமிர்தி ரோட்டில் நின்றுபோன ஒரு ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் கேஸ்கெட் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருக்கிறார்கள். ஷெட்டில் ஒழுகவில்லை. ஏற்றத்தில் அழுத்தம் கூடியதும் கேஸ்கெட் பிதுங்கிவிட்டது. விளக்கு எரிந்தும் 'அடுத்த வளைவு வரை' என்று ஓட்டினார்கள். கிராங்க் பேரிங் பிடித்துக்கொண்டது. அந்த வண்டிக்காரர் அன்று என் முன்னால் நின்ற கோலம் இன்னும் மறக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றியதும் இன்ஜின் பக்கத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள், போதும். புது கேஸ்கெட்டில் ஆயில் தடவி, அது இன்ஜின் முகத்தைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும்.

ஆயில், பழைய டீசலுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயிலே போதும். ஜவ்வாது மலை மார்கழிக் குளிரிலும் அது தடையில்லாமல் ஓடும். பிஎஸ்-6 எடுத்தால் கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. மட்டம் மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும். செங்குத்தாக ஏறும்போது சம்ப்பில் ஆயில் பின்பக்கம் ஓடும்; குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கோட்டுக்கு மேலும் போகக் கூடாது, கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். டீசலில் ஆயில் சில நாளிலேயே கறுப்பது கரியால். அதற்காகப் பதற வேண்டாம்.

இத்தனையும் செய்து ஏர் ஃபில்டரை விட்டால் வீண். கருங்கல் பாறை தேய்ந்த நம் மலைத்தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலே அந்தத் தூசி நேராக போருக்குள் போகும். ஹோஸின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் நிறம் ஒட்டினால் வண்டியை எடுக்காதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அன்றைக்கே ஹோஸை மாற்றுங்கள். சித்திரை, வைகாசியில் மண்பாதை மாவாக இருக்கும்போது வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. பார்க்கத்தான், கம்ப்ரஸர் காற்றை அருகில் வைத்து அடித்தால் காகிதம் கிழியும்.

கையேட்டில் சொல்லும் ஆயில் மாற்றும் தூரம் தார் ரோட்டு ஓட்டத்துக்கு. உங்களுக்கு அதில் பாதி; ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் சேர்த்து. ஏறி முடித்ததும் டர்போ ஆற ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள்.

வண்டி வாங்கிய அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய பழைய ஃபில்டரை எறியாமல் வையுங்கள். ஹாக்ஸாவால் அறுக்காதீர்கள், அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். உளியால் விளிம்பைச் சுற்றி வெட்டித் திறந்து, காகிதத்தை விரித்து, டீசலில் அலசி வெயிலில் பிடியுங்கள். மடிப்புக்குள் மினுமினுப்பு இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது, உடனே சம்ப்பை இறக்கிப் பார்க்க வேண்டும். வெறும் கரிதான் இருந்தால் தைரியமாக மூட்டை ஏற்றலாம். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்த மாற்றத்துக்குக் கிலோமீட்டர் சொல்கிறேன்.